சாம்பல் காலம்

“இந்த ரெண்டு காலத்தையும் மறைச்சிடும்மா” என்றார் மேனேஜர்.

கோடவுன் ஆபீசில், கம்ப்யூட்டர் திரையில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திக்குக் காலம் என்றுதான் பெயர். ‘தன் கெட்ட காலத்தை மறைக்க ஆள் பிடித்திருக்கிறார்’ என்று மனசுக்குள் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள் அவள். அந்தப் புரோகிராமைச் செய்து கொடுத்த கம்பெனியின் ஆள். கட்டம் போட்டது அவள். கட்டத்துக்குள் யார் என்ன எழுதினார்கள் என்று பார்த்ததில்லை.

ஒரு காலத்தின் தலைப்பு ‘ஒர்க்‌ஷாப் குறிப்பு’. அடுத்தது ‘ஓட்டச் சொன்னவர்’. இரண்டும் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் படிக்கலாம், கை வைக்க முடியாது. மெக்கானிக் ஏற்றினால் ஏற்றியதுதான். மேனேஜரின் அப்பனே வந்தாலும் எழுத்து மாறாது.

பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய அண்ணன் ஓட்டிய, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. அது மோதிச் சரக்கு ரேக் சரிந்து, கூட வேலை பார்த்த நெட்டையின் கால் நசுங்கிய அதே நாள். ‘பிரேக் பிடிக்கவில்லை, வண்டியை எடுக்கக் கூடாது’ என்று மெக்கானிக் எழுதியிருந்தார். ஓட்டச் சொன்னவர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயர்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று சொல்லித்தான் அண்ணனைத் துரத்தினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோடவுனும் அவனை வண்டியில் ஏற்றவில்லை. சந்தையில் மூட்டை தூக்குகிறான். அவன் அவளுக்கு அண்ணன் என்பது லோடு ஏற்றுகிற எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது. கூலிக்காரனுக்குக் குடும்பம் உண்டா என்று கேட்டறிந்த மனிதரில்லை அவர்.

“காலத்தையே எடுத்துட்டா மாட்டிக்குவீங்க சார். நாளைக்கு வர்ற இன்சூரன்ஸ் மேடம் தலைப்பையெல்லாம் சரிபார்ப்பாங்க” என்றாள்.

“அப்ப தலைப்பு இருக்கட்டும், எழுத்து தெரியக் கூடாது. ஏதாவது வித்தை பண்ணு. உன்னை மாதிரி கெட்டிக்காரிக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

“கட்டம் சாம்பல். எழுத்தையும் சாம்பலாக்கிட்டா கண்ணுக்குத் தெரியாது.”

“அதான்! சாம்பல்ல கலந்த சாம்பலை எவன் தேடப் போறான்?” தொடையைத் தட்டிக்கொண்டார்.

செய்து கொடுத்தாள். மவுஸ் சக்கரத்தை உருட்டி மேலும் கீழும் பார்த்தவர், “துடைச்சு வச்ச மாதிரி இருக்கு” என்று பாராட்டினார். ஆனால் ஒரு வரியின் மேல் கிளிக் செய்தால் அந்த வரி முழுக்க நீலமாகும், எழுத்தெல்லாம் வெள்ளையாகும். சாம்பலுக்குள் கிடப்பதும் சேர்ந்தே எழும். அதை அடக்கவும் அவளுக்குத் தெரியும். அடக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் தோள் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னான். “அந்த மேடத்துக்கிட்ட நேரா சொல்லிடேன்.”

“நான் சொன்னா தங்கச்சி சொன்ன கதை. அவன் விரலே சொல்லட்டும்.”

“விரலை வைக்காம போயிட்டா?”

“அவனா? சோத்தைக்கூடச் சுட்டிக்காட்டிட்டுத்தான் திங்கிறான்.”

“பாவம்டி. பிள்ளைகுட்டிக்காரன்.”

“உனக்கு மட்டும் என்ன, தவளையும் தலைப்பிரட்டையுமா பொறந்திருக்கு? சும்மா தேய்.”

மறுநாள் ஆபீசில் இன்சூரன்ஸ் மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். விசாரணைக்கு வரச்சொல்லியிருந்ததால், ஊன்றுகோலோடு நெட்டையும் அவன் மனைவியும் சுவரோரம். திரை கோளாறு செய்தால் பார்த்துக்கொள்ள என்று அவளும் ஒரு மூலையில்.

“இதோ பாருங்க மேடம்” என்று எழுந்தார் மேனேஜர். “இந்த நாள், இந்த வண்டி, இந்தக் குடிகாரன்!” மவுஸை ஓங்கித் தட்டினார்.

வரி நீலமானது. வெள்ளை எழுத்து வெளியே வந்தது.

பதறிப்போய் வேறு வரியைத் தட்டினார். மறைந்தது.

“திரும்ப அங்கேயே தட்டுங்க” என்றார் மேடம்.

“அது ஏதோ கோளாறு…”

“தட்டுங்க.”

தட்டினார். மேடம் நிதானமாக, உரக்கவே படித்தார். பெயரை இரண்டு தடவை படித்தார். பிறகு மூலைப்பக்கம் திரும்பினார். “தொட்டாத்தான் தெரியுது, விட்டா மறையுது. இது யார் ஏற்பாடு?”

“சார் சொன்னபடி செஞ்சேன் மேடம். தலைப்பு இருக்கணும், எழுத்து தெரியக் கூடாதுன்னாங்க.”

“பொய்! இவளாவே பண்ணினா!”

“உங்க பேரை மறைச்சு இந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப்போகுது?”

மேடம் போனை எடுத்துக்கொண்டு தலைமை ஆபீசைக் கூப்பிட வெளியே போனதும் மேனேஜர் அவள் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “நான் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்?”

“நீங்க சொன்ன குடிகாரன் எங்கண்ணன்.”

“தெரிஞ்சிருந்தா…”

“வேற ஆளைக் கூப்பிட்டிருப்பீங்க.”

நெட்டையின் மனைவி எழுந்து வந்தாள். இத்தனை நாள் இவள் அண்ணன் குடும்பத்தைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டியவள். இப்போது அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. “இதை அச்சடிச்சுத் தர முடியுமா? நான் போட்ட சத்தம் எங்க தெரு பூரா கேட்டுச்சு. இதுவும் தெரு பூரா தெரியட்டும்.”

“வேணாம்மா” என்றார் மேனேஜர். “வேலை போனாப் போகட்டும். அந்தத் தெரு வழியாத்தான் என் பொண்ணு படிக்கப் போறா.”

மவுஸின் மேல் தங்கச்சியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அந்த இரண்டு காலத்தின் எழுத்தையும் சிவப்பாக்கினாள். தடித்த எழுத்தாக்கினாள்.

“எத்தனைக்கா வேணும்?”

“வீட்டுக்கு ஒண்ணு” என்றாள் நெட்டையின் மனைவி. பிரிண்டர் இரைய ஆரம்பித்தது.