ஒற்றையாள் வரிசை

மூன்றாம் நாள் காலை, விடுதியின் சாப்பாட்டு அறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அம்மா உள்ளே வந்தாள். அவள் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால், வீட்டில், என்மேல் கோபமாக இருக்க வேண்டியவள். பின்னாலேயே அண்ணன், தோளில் மூன்று பைகள். அவனுக்குப் பின்னால் ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அண்ணி.

"எப்படி நம்ம சர்ப்ரைஸ்?" என்றான் அண்ணன்.

"நீ இங்க தனியா உக்காந்து சாப்பிடறதை நினைச்சா எனக்குத் தொண்டையில இறங்கல," என்றாள் அம்மா. என் தட்டிலிருந்த இன்னொரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அது நன்றாகவே இறங்கியது.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பின்னறையில் உட்கார்ந்து, பிரேமுக்குப் பொருந்தும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது என் வேலை. கடைக்கு வருடத்தில் இரண்டு நீண்ட விடுமுறை. இரண்டையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. "நீ ஃப்ரீயாத்தானே இருக்கே" என்பார்கள். அண்ணன் வீடு மாறியபோது பெட்டி கட்டினேன். அத்தைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தபோது நான்கு மணி நேரத்துக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டேன். அத்தைக்கு மூன்று மகன்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஃப்ரீயாக இல்லையாம்.

இந்த முறை எட்டு மாதத்துக்கு முன்பே ஒரு கட்டில் போட்ட அறையைப் பதிவுசெய்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

"பனிச்சறுக்கா? யாரோட போறே?" என்றாள் அம்மா.

"யாரோடயும் இல்ல."

"அப்ப எதுக்குப் போறே?"

பனியை நான் முதலில் பார்த்தது நூலகத்திலிருந்து எடுத்து வந்த மொழிபெயர்ப்பு நாவல்களில். பக்கம் பக்கமாக யாராவது ஒருவர் பனியில் நடந்துகொண்டே இருப்பார். ஒருவர்கூட அவரை நிறுத்தி, யாரோட போறே என்று கேட்டதில்லை.

முதல் இரண்டு நாளும் அடிவாரத்தில் பயிற்சி. விழுந்தேன், எழுந்தேன், இடுப்பில் கையகலத்துக்கு ஒரு கன்றல். பயிற்சி தந்த பெண்மணி அதிகம் பேசாதவர். நேற்று மாலை என் கையில் ஒரு பச்சை அட்டையைத் திணித்தார். "நாளைக்கு மேல போ. மூணு மணிக்கு மேல்சரிவை மூடிடுவாங்க, அதுக்குள்ள." அந்த அட்டை இல்லாதவர்களை லிஃப்டில் பாதி வழியிலேயே, எளிய சரிவில் இறக்கிவிடுவார்கள். அதற்கும் மறுநாள் காலை எனக்கு ஊர் திரும்பும் பேருந்து. ஆக, இருந்தது இந்த ஒரே நாள்.

என் ஒற்றைக் கட்டிலில்தான் இப்போது குழந்தையைத் தூங்கப் போட்டார்கள். என் அலமாரியில் அண்ணியின் உடைகள் ஏறின. என் ஜன்னலைத் திறந்து, "குளிருது" என்று சொல்லி மூடினாள் அம்மா. பதினோரு மணிக்கு எல்லோருமாக அடிவாரத்துக்குப் போனோம். அண்ணனும் அண்ணியும் வாடகை பூட்ஸ் மாட்டிக்கொண்டார்கள். அண்ணி குழந்தையை என் கையில் வைத்தாள்.

"ரெண்டே ரெண்டு ரவுண்டு. நீதான் ரெண்டு நாளா ஆசை தீர ஆடியாச்சே."

நானும் காலையிலிருந்து பூட்ஸோடுதான் இருந்தேன். அதை யாரும் பார்க்கவில்லை.

அந்த இரண்டு ரவுண்டு முடியவே இல்லை. சறுக்கியது கொஞ்சம், போட்டோ எடுத்தது ஏராளம். குழந்தை என் கழுத்துப்பட்டையைச் சப்பிச் சப்பி ஈரமாக்கியது. பாவம், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. மணி இரண்டேகால். அவர்கள் மறுபடியும் லிஃப்ட் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா, நீ கொஞ்சம் பிள்ளையைப் பிடி. நான் மேல போகணும்."

"எனக்குக் கை நடுங்குது இந்தக் குளிர்ல. ஒரு நாள் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"எந்த ஒரு நாளும்மா? எது பாக்கி இருக்கு, சொல்லு!"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்போது லிஃப்ட்காரர் கத்தினார். "ஒத்த ஆள்! ஒத்த ஆள் யாராவது இருக்கீங்களா?"

லிஃப்ட் என்றால் கம்பியில் தொங்கியபடி மலையேறும் நாற்காலி. நான்கு பேர் உட்காரலாம். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பிரிய மனமின்றி மூன்று பேராக ஏறினார்கள். ஓர் இடம் காலியாகவே மேலே போனது. அந்த இடத்துக்காக, நீண்ட வரிசைக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய இன்னொரு வரிசை. பலகையில் 'தனியாக வருபவர்கள்' என்று எழுதியிருந்தது. அதில் ஒருவரும் இல்லை.

பெரிய வரிசைக்குள் புகுந்து, அண்ணன் கையில் குழந்தையைக் கொடுத்தேன்.

"இந்தா, உன் பிள்ளை."

"ஏய், நான் பூட்ஸ் போட்டிருக்கேன்டி! நடக்கவே முடியல!"

"நடக்க வேண்டாம். நில்லு."

"அரை மணி நேரமா நிக்கிறேன், இப்பப் போய்..."

"நான் அதைவிட அதிகமா நின்னாச்சு."

"அத்தை, இவ பேசறதைக் கேட்டீங்களா?" என்று அண்ணி பெஞ்சில் இருந்த அம்மா பக்கம் குரல் கொடுத்தாள்.

வேலியில் சாய்த்திருந்த என் சறுக்குப் பலகைகளைப் பூட்ஸில் மாட்டி, ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு கயிற்றுக்குள் நுழைந்தேன். லிஃப்ட்காரர் பச்சை அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலி பின்னங்காலில் இடித்துத் தூக்கிக்கொண்டது.

பக்கத்தில் ஒரு அப்பா, இரண்டு மகள்கள். "தனியா வந்தீங்களா?" என்றார் அவர்.

"தனியாத்தாங்க வந்தேன். அப்புறம் எல்லாரும் வந்துட்டாங்க."

பெரிய மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அத்தையின் மூன்று மகன்கள்வரை போய்விட்டேன். மேலே இறங்கும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. அதனால் பயப்பட மறந்துவிட்டேன்.

காற்று முகத்தில் அறைந்தது. முதல் வளைவில் பலகைகள் ஒன்றோடொன்று இடித்து விழுந்தேன். யாரும் "பாத்து" என்று சொல்லவில்லை. எழுந்தேன். இரண்டாவது வளைவில் உடம்பைச் சரித்ததும் பலகை பனியைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. லென்ஸின் ஓரம் சரியாகத் தேயும்போது வருமே, அதே மெல்லிய சீறல். அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அழுத்தத்தை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. கீழேவரை அது என்னோடு வந்தது.

அடிவாரத்தில் அம்மா குழந்தையைப் போர்வைக்குள் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். கை நடுங்கவில்லை.

"ஆச்சா? யாரு பாத்தா நீ இறங்கினதை? ஒரு போட்டோ உண்டா?"

"இல்லம்மா. யாரும் பாக்கல."

"அப்புறம் என்ன பிரயோஜனம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பத்தாறு.

"ஒத்த ஆள்..." என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர். அவர் முடிப்பதற்குள் நான் கையிலிருந்த கோலைத் தூக்கிவிட்டேன்.