நத்தை ஒத்துக்கொள்ளவில்லை

காலையில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட சங்வூக், மதியமே கணினி விளையாட்டு மையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் திங்கட்கிழமை பட்டாளத்தில் சேர வேண்டும். நாட்டுச் சட்டப்படி எல்லாப் பையன்களுக்கும் கட்டாயம், பதினெட்டு மாதம். வீட்டில் அம்மா விலா எலும்பை வேகவைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவனுக்கோ ஒரே ஒரு வெற்றி பாக்கி. அது கிடைத்தால் மூன்று வருஷமாக முட்டிமோதிக் கிடந்த வெள்ளித் தரத்திலிருந்து தங்கத் தரத்துக்கு ஏறிவிடலாம். அடுத்த மாதம் சீசன் முடிந்து எல்லாருடைய புள்ளிகளையும் கலைத்துவிடுவார்கள். அப்போது இவன் முகாமில் மண்ணில் தவழ்ந்துகொண்டிருப்பான்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், உங்களுக்கென்ன! நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவன், கோழி வறுவல் கடை வேலையைப் பாதியில் விட்டவன். எடுத்த காரியத்தில் ஒன்றையாவது முடித்துவிட்டுப் போகணும் என்று அவனுக்கு இருந்தது. அவ்வளவுதான்.

ஆட்டம் ஆரம்பித்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். இவன் அணியில் 'மழைநத்தை' என்று பேர் வைத்த ஒருவன். சண்டைக்கே போகாமல் கோட்டை வாசலில் வட்டமடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நத்தைக்கு உறைக்கவே இல்லை. கடைசியில் சங்வூக் மானத்தை விட்டுக் கெஞ்சினான். நாளைக்குப் பட்டாளத்துக்குப் போகிறேன், இதுதான் கடைசி வாய்ப்பு, கொஞ்சம் ஆடுங்கள் என்று எழுதினான்.

அந்த விளையாட்டில் இதைச் சொல்லாதவன் யார்? தோற்கப்போகிற பயல்கள் அத்தனை பேரும் நாளைக்குப் பட்டாளத்துக்குத்தான் போவார்கள். இல்லையென்றால் அவர்கள் அம்மாக்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். கூட ஆடிய ஒருவன், எனக்கும் நாளைக்குத்தான், ஒரே பஸ்ஸில் போவோம் என்று எழுதிச் சிரித்தான். நத்தை மட்டும், "இன்னொரு தடவை சொல்லு" என்று எழுதியது. இவன் சொன்னான். மறுபடி கேட்டது. மறுபடியும் சொன்னான். நத்தை நின்ற இடத்திலேயே ஒரு குத்தாட்டம் போட்டது.

பாதியில் எழுந்து போனால் புள்ளியும் போகும், கணக்கையும் முடக்குவார்கள். தோல்வியை ஒத்துக்கொண்டு முடிக்கலாம் என்றால் ஐந்து பேரும் ஓட்டுப் போட வேண்டும். நாலு பேர் ஆமாம் என்றார்கள், நத்தை இல்லை என்றது. நாற்பது நிமிஷம் உட்கார்ந்து உதை வாங்கினான். விட்டதைப் பிடிக்க அடுத்த ஆட்டம் போனால் அதிலும் அதே நத்தை. மூன்றாவதிலும் அதுவே. புகார் கொடுத்தான். தங்கள் புகாருக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது, தானாகவே வருகிற பதில். அம்மா நாலாவது தடவை போன் செய்தபோது, ஏற வேண்டியவன் இரண்டு படி கீழே இறங்கியிருந்தான். வீட்டுக்குப் போய்க் குழம்பைச் சாப்பிட்டான். உப்பு உறைப்பு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் சிநேகிதன் தோஷிக்தான் தன் அண்ணன் காரை வாங்கிவந்து, வேலைக்கு லீவு போட்டு, அம்மாவையும் மகனையும் நோன்சான் பயிற்சி முகாமுக்கு ஓட்டிவந்தான். நடுநிலைப் பள்ளியிலிருந்து கூட்டாளி. போன வருஷமே பட்டாளம் முடித்தவன். முகாம் வாசலில் பிள்ளைகளுக்குக் கடைசி வேளை சோறு போடும் கறிக்கடைகளில் ஒன்றில் உட்கார்ந்தார்கள். அம்மா கை கழுவப் போன நேரத்தில் சங்வூக் நத்தைக் கதையைச் சொல்லிப் புலம்பினான். தோஷிக் கறியைத் திருப்பிப் போட்டபடி கேட்டான். திடீரென்று சிரிப்பு பீறிட, போனை எடுத்துக் காட்டினான். அவனுடைய இன்னொரு கணக்கு. மேலே 'மழைநத்தை'.

"நான்தான்டா அது. நீ எப்ப அடுத்த ஆட்டத்துக்குப் பட்டன அமுக்குறேன்னு நண்பர் பட்டியல்ல பாத்துப் பாத்து, அதே நேரத்துல நானும் அமுக்குனேன்."

சங்வூக் அந்தப் பேரை மறுபடி படித்தான். "ஏன்டா?" என்றான்.

"தெரியலடா. நம்ம கூட ஆடுன அந்த மூணு பேரும் நீ புளுகுறேன்னு நெனச்சானுங்க. நெசம்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நீ கெஞ்சக் கெஞ்ச வயிறு ஜில்லுன்னு இருந்துச்சு. இன்னொரு தடவ சொல்லமாட்டானான்னு இருந்துச்சு."

"நான் உனக்கு என்னடா பண்ணேன்?"

"நீயா? நீ ஒண்ணும் பண்ணலயே." அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்துதான் சொன்னான். "வெளையாட்டுதானடா. சாப்பிடு, கறி கருகுது."

பழைய பகை என்றோ பொறாமை என்றோ எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா, பாவி. சட்டையைப் பிடித்திருக்கலாம். ஒன்றுமே இல்லாததை எங்கே போய்ப் பிடிப்பது? தோஷிக் நல்ல துண்டாகப் பார்த்து இவன் தட்டில் வைத்தான்.

அம்மா திரும்பிவந்தாள். தோஷிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பப்ப வந்து எட்டிப் பாருப்பா, தனியாத்தான் கெடப்பேன் என்றாள். வீட்டுக் கதவுப் பூட்டின் எண்ணைச் சொன்னாள். அவன் போனில் குறித்துக்கொண்டான். "இவன் கம்ப்யூட்டரு சும்மாத்தான் கெடக்கும். வந்து ஆடு."

"வேணாம்மா" என்றான் சங்வூக்.

"ஏன்டா, என்ன புத்தி இது? உனக்காக லீவு போட்டுட்டு வந்திருக்கான் புள்ள."

என்னவென்று சொல்வான்? நேற்று ஒரு ஆட்டத்தில் இவன் வட்டமடித்தான் என்றா? அம்மா சிரித்துவிடுவாள். அதற்குள் ஒலிபெருக்கி அழைத்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனான்.

மைதானத்தில் ஆயிரம் மொட்டைகள். பெற்றோர் பக்கம் திரும்பி மண்டியிட்டு வணங்கச் சொல்லி உத்தரவு வந்தது. கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தான். அவள் தோஷிக்கின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் அவளைத் தட்டிக்கொடுத்தபடி, இன்னொரு கையை உயர்த்தி ஆட்டினான். இரண்டு பேரும் ஒட்டி நின்றார்கள், அம்மாவை மட்டும் பார்த்துக் கும்பிட வழியில்லை. பின்னாலிருந்து ஒரு அதட்டல் வந்தது. சங்வூக் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான்.