காகிதம் நுழையாத இடைவெளி

ஹெஸ்டர் சுட்ட பெண்மான் விழவில்லை. வயிற்றில் குண்டோடு காட்டுக்குள் ஓடியது. இரண்டு நாள் ரத்தத் தடம் பார்த்து மகரோரா பள்ளத்தாக்கில் ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள் காலை அது ஓடையில் செத்து ஊதிக் கிடந்தது. ஒரு துண்டு இறைச்சிகூடத் தேறவில்லை. பதினெட்டு வருடமாக வேட்டையாடுகிறாள். எந்த மிருகத்தையும் அவள் இப்படிச் சாகவிட்டதில்லை.

ஆட்டுப் பண்ணை வீட்டில் அவளோடு இருக்கும் அண்ணன் ஃபெர்கஸ் அதைக் கேட்டுச் சிரித்தான். "கை நடுங்கியிருக்கும். வயசாகுதுல்ல."

"உன்னைவிட நாலு வயசு கம்மி."

"அப்போ துப்பாக்கிதான். மலையேற லேசா இருக்குன்னு குச்சி மாதிரி ஒண்ணை வாங்கின. குண்டு எங்க போகும்னு அதுக்கே தெரியாது."

ஆறு வருடமாக அந்தக் குச்சி அவள் பார்த்த இடத்தில்தான் சுட்டிருக்கிறது. வெளியே போய் நூறு மீட்டரில் அட்டை ஒன்றை அடித்துவைத்து, மணல்மூட்டைமேல் சாய்த்து மூன்று முறை சுட்டாள். மூன்றும் குறியைவிட்டு ஒரு சாண்போல இடப்பக்கம் தள்ளி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிதறியிருந்தன.

குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு இழுத்தாள். தடையில்லாமல் பின்கோடிவரை போக வேண்டிய காகிதம் நாலு விரற்கடையில் சிக்கியது. ஈரத்தில் கட்டை ஊதிக் குழலை நெருக்கியிருந்தது. திருகுத் தலைகளில் சேறு. மழையில் அவள் அதை எடுத்துப் போனதே இல்லை.

வீட்டுக்குள் ஃபெர்கஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"போன மாசம் நான் ஊர்ல இல்லாதப்ப என் துப்பாக்கிய எடுத்தியா?"

"ஒரு வாரம். மழை விடவே இல்ல."

"துடைச்சியா?"

"துப்பாக்கிதானே, சீனிக்கட்டியா கரைஞ்சு போக?"

"கட்டை ஊதி குழலைத் தள்ளுது. தோள்ல படவேண்டிய குண்டு வயித்துல போச்சு. அது எவ்வளவு நேரம் துடிச்சு செத்துச்சோ."

"ஒரு மானுக்கா இவ்வளவு?"

அவள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அங்கேயே நின்றால் மேசைமேல் இருந்த ரொட்டிக் கத்தி எங்கே போகும் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மலைக்குப் போகுமுன் ஒரு தடவை அட்டையில் சுட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவன்மேல் இருந்ததைவிடத் தன்மேல் இருந்த கோபம்தான் அதிகமாகச் சுட்டது.

சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் வெதுவெதுப்பான அலமாரியில் கட்டையை ஒரு வாரம் காயவைத்தாள். உப்புத்தாளைக் குழாயில் சுற்றி, குழல் படுகிற பள்ளத்தை இழைத்தாள். ஈரம் ஏறாமல் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தாள். திருகுகளை ஒரே அளவாக முறுக்கி, குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிசெய்தாள். லேசான துப்பாக்கி துள்ளும். முன்கட்டையை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு முறையும் குழல் ஆறும்வரை பொறுத்துச் சுட்டாள். புது அட்டையில் விழுந்த மூன்று ஓட்டையையும் ஒரு பாட்டில் மூடி மறைத்தது.

ஃபெர்கஸ் அட்டையை எட்டிப் பார்த்தான். "பிரமாதம். சனிக்கிழமை எனக்குக் குடேன்."

யாரும் சுட முடியாதபடி ஹெஸ்டர் துப்பாக்கியின் போல்ட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "மாட்டேன்."

"இன்னும் கோவமா?"

"இன்னும்தான்."

அன்று மதியமே வானாக்கா நகரத்துக்கு வண்டி ஓட்டிப் போய்த் துப்பாக்கி அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். இரண்டு சாவியையும் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அண்ணனிடம் ஆட்டைப் பற்றி மட்டும் பேசினாள்.