செத்தவன் பெயரில் வந்தவர்

தம்பி செத்த சேதியும் தம்பி வந்து சேர்ந்த சேதியும் இராக்கம்மாவுக்கு ஒரே மூச்சில் கிடைத்தன.

தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வெறுங்கூடையோடு கூலிக் குடியிருப்பான லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பீலியடியில் வெள்ளைச்சாமிக் கங்காணி நின்றான். பக்கத்தில் ஒரு வாலிபன். அவன் கழுத்தில் கயிற்றில் கோத்த தகர வில்லை. கப்பலேற்றுமுன் கூலிகளை நிறுத்தி வைக்கிற அக்கரைக் கேம்பில் தோட்டத்துப் பெயரும் நம்பரும் அடித்து மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி ஆளுக்கொன்று கட்டி அனுப்புவார்களே, அது.

"இந்தா புள்ள, ஒன் தம்பி அழகரு வந்துட்டான்" என்றான் கங்காணி, பின்னால் வந்த பெண்களுக்கும் கேட்கும்படி.

இராக்கம்மா கல்யாணமாகி இலங்கைக்குக் கப்பலேறியபோது அழகருக்கு ஒன்பது வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் சித்தப்பன் வீட்டில் அவனை விட்டுவிட்டு வந்தாள். அதன்பின் பதினைந்து வருஷம் போய்விட்டது. முகம் மாறியிருக்கலாம். ஆனால் சின்ன வயதில் அரிவாள் பட்டுக் கோணிப்போன சுண்டுவிரல் வளர்ந்ததும் நிமிர்ந்துவிடாது. இவன் விரல்கள் பத்தும் நேராக, மெதுமெதுவென்று இருந்தன.

"இது யாருங்க?"

கங்காணி அவள் முழங்கையைப் பிடித்துப் பீலிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பேசினான்.

"ஒன் தம்பி கேம்புலயே போயிட்டான். வாந்திபேதி. அவன் பேருக்கு வில்லை இருந்துச்சு, இவருக்குப் பேரு இல்லாம இருந்துச்சு. மாட்டி விட்டேன். சிவஞானம்னு பேரு. தூத்துக்குடிக் கலவரத்துல வெள்ளக்காரனுக்கு எதிரா நோட்டீஸ் அச்சடிச்ச ஆளு. வாரண்டு இருக்கு. புடிச்சா அந்தமானு. அவரு உசிரு இப்ப ஒன் வாயிலதான் இருக்கு."

அந்த வாய் அழத்தான் திறந்தது. கங்காணி உள்ளங்கையால் அதைப் பொத்தினான்.

"அழுதியோ, எதுக்குன்னு நாலு பேரு கேப்பான். தம்பி வந்த வீட்டுல எவளாச்சும் மாரடிப்பாளா? ஒன் புருசன் இருக்கான், புள்ள இருக்கு, லயத்துல குடியிருக்க ஒரு காம்பரா இருக்கு. எல்லாத்தையும் நெனச்சுக்க."

இராக்கம்மா எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா வாசலிலேயே நின்றாள். "என்னடி, தம்பி வந்த அன்னிக்கி மொகரைய இப்படி வச்சிருக்க? கோழியடிக்கலையா? கஞ்சப் பிசினாறி!"

கோழியடித்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அவள் மூட்டினாள், மிளகாய் அரைத்தாள், குழம்பு வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாயும் புகையும் சாக்கு. அவள் புருஷன் கருத்தானும் மூன்று வயது மகள் பேச்சியும் சாப்பிட்டார்கள். வந்தவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அந்தத் தோட்டம் பசறைக்கு மேலே இருந்தது. மேல் லயம் குடியானவர்களுக்கு, கீழ் லயம் பறையர்களுக்கு. கடல் தாண்டி வந்தும், ஒரே மலையில் ஒரே கூடையைச் சுமந்தும், ஒரே தொரையிடம் உதை வாங்கியும் இந்தப் பாகப்பிரிவினை மட்டும் தவறவில்லை. பீலிகூட இரண்டு. சிவஞானம் திருநெல்வேலிச் சைவ வேளாளர். தேடி வருகிற போலீஸ் மேல் லயத்தில் தேடும், பதுளைச் செட்டியார் கடைகளில் தேடும். கீழ் லயத்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் படுத்திருப்பார் என்று எவன் நினைப்பான்? கங்காணியின் மூளை அது. லயத்தில் மற்றவர்களெல்லாம் புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள். அழகரைப் பார்த்தவர் எவருமில்லை. கூட வந்த ஆட்களையும் கங்காணி பண்டாரவளையிலேயே வேறு தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பிவிட்டிருந்தான்.

அவருக்கு அவர்கள் வீட்டு நிழல் வேண்டியிருந்தது, தண்ணீர் வேண்டாம். ஓடையில் தானே மொண்டு வந்து, இஸ்தோப்பு மூலையில் மூன்று கல் வைத்துத் தானே பொங்கிக்கொண்டார். நாலு பேர் முன்னால் அவள் அவரை "ஏலே அழகரு" என்று கூப்பிட வேண்டும், அவர் அவளை "அக்கா" என்று கூப்பிட வேண்டும். ஆள் இல்லாதபோது அவள் "சாமி" என்பாள், அவர் "ஏ புள்ள" என்பார். அந்த "அக்கா" அவர் வாயிலிருந்து வரும்போது தொண்டையில் மீன்முள் சிக்கினவர் மாதிரி இருக்கும்.

ஆனாலும் அவரை முழுக்க வெறுக்க அவளால் முடியவில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்து அவர் கைகள் ரத்தமாக வழிந்தன. வாய் திறந்து முனகவில்லை. சாயந்தரம், விஷயம் தெரிந்த கருத்தானுக்கு மட்டும் தணிந்த குரலில் கதை சொல்வார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராக நம்மவர்கள் கப்பல் விட்ட கதை, கடையடைத்த கதை, போலீஸ் சுட்ட கதை. கருத்தான் பிள்ளை மாதிரி வாய் பிளந்து கேட்பான். போன வருஷம் அவன் விலாவில் தொரை பூட்ஸ் காலால் உதைத்தது இன்னும் குளிருக்கு வலிக்கும். அந்தத் தொரை சாதியை எதிர்த்து நின்ற ஒரு மனிதர் தன் வீட்டு இஸ்தோப்பில் படுத்திருக்கிறார் என்பதில் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"எத்தன நாளைக்குங்க இங்கன?" என்று ஒருநாள் கேட்டான்.

"சிநேகிதர்கள் சொல்லி அனுப்பட்டும். கொழும்பிலேர்ந்து புதுச்சேரிக்குப் போயிடுவேன். அது பிரெஞ்சுக்காரன் ஊரு, இவன் வாரண்டு அங்க செல்லாது."

"அவனும் வெள்ளக்காரன்தானுங்களே?"

"அவன் வேற வெள்ளக்காரன்."

"தொரைங்கள்லயும் மேல் லயம் கீழ் லயம் இருக்கும்போல" என்று கருத்தான் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "நாமெல்லாம் ஒரு தாய் பிள்ளைகள், கருத்தா. அத மறக்கக் கூடாது" என்றார்.

உள்ளே அடுப்படியில் இருந்த இராக்கம்மாவுக்கு நாக்கு நிற்கவில்லை. "ஒரு தாய் புள்ளைங்கன்னா எங்க கொடத்துத் தண்ணி மட்டும் என்னங்க சாமி பாவம் பண்ணுச்சு?"

"அது வழக்கம். நாடு விடுதலையாகட்டும், எல்லாம் தன்னால சரியாப் போகும்."

கருத்தான் அவளைப் பார்த்து முறைத்தான். பெரிய மனுஷரிடம் வாய் கொடுக்கிறாளாம்.

அழகருக்காக அழ அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மலையில் நிரை நிரையாகப் பெண்கள், லயத்தில் சுவருக்குச் சுவர் காது. தலை விரித்துப் போட்டு, நாலு பெண்கள் தோள் சேர்த்துக்கொள்ள, செத்தவன் குணத்தைச் சொல்லிச் சொல்லி அழுதால்தான் அது அழுகை. கம்பளியைக் கடித்துக்கொண்டு விக்குவதெல்லாம் அழுகையில் சேர்த்தியா? பேச்சியின் மொட்டைக் காதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வயதாகியும் அந்தக் காது குத்தப்படவில்லை. "நான் வந்து மடியில வச்சுக் குத்துறேன், அதுவரைக்கும் விட்டு வையி" என்று ஊரிலிருந்து வேறு தோட்டங்களுக்கு வந்த ஆட்களிடம் அழகர் சொல்லி அனுப்பியிருந்தான்.

நாலாவது மாதம் ஊர் வாய் திறந்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "இராக்கி, ஒன் தம்பி ஒன் கையால தின்ன மாட்டானாமே? வெசம் வைக்கிறியா என்ன?"

பெரட்டுக்களம் சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. பசறைப் போலீஸ் சார்ஜன் இரண்டு தோட்டங்களில் விசாரித்துவிட்டுப் போயிருந்தான், படித்த ஆள் ஒருவன் ஒளிந்திருக்கிறானாமே என்று. கங்காணி அன்றைக்கே வந்து சொன்னான்: "பேச்சிக்குக் காது குத்திப்புடுவோம். தாய்மாமன் மடியில வச்சு, கணக்கப்பிள்ள முன்னாடி. அப்பறம் எவன் வாயத் தொறப்பான்?"

"அது என் தம்பி மடிங்க" என்றாள் இராக்கம்மா.

"ஒன் தம்பி மடி இப்ப மண்ணுல கெடக்கு. கொழும்புலேர்ந்து சேதி வந்துருச்சு, ஒரு வாரம் பொறு, இவரு போயிருவாரு."

ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்தில் பாய் விரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு நாற்காலி. பேச்சிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. சிவஞானம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தோள் துண்டை எடுத்து நாலாக மடித்து மடியில் விரித்தார். அதன்மேல்தான் பிள்ளையை வாங்கினார். இராக்கம்மா பார்த்தாள். மற்றவர்கள் அதைச் சந்தனக் கறைக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பசறை ஆசாரி ஊசியை ஏற்றினான். பேச்சி வீறிட்டுத் திரும்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் கைகள் ஒரு கணம் காற்றில் நின்றன. பிறகு மெதுவாகப் பிள்ளையின் முதுகில் இறங்கின. அந்த ஒரு கணத்தில் அவரை அவள் மன்னித்திருப்பாள்.

"அக்கா கையால தம்பிக்கு மொத வாய் குடுடி!" என்று ரெங்கம்மா காப்பரிசித் தட்டை நீட்டினாள். வெல்லமும் அரிசியும் கலந்த ஒரு பிடி. இராக்கம்மா அவர் வாயருகே கொண்டுபோனாள். கணக்கப்பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்தார். சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார், மென்றார், விழுங்கினார்.

"அப்பாடா, வெசமில்ல!" என்றார் கணக்கப்பிள்ளை. முற்றம் குலுங்கிச் சிரித்தது. கங்காணி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அத்தோடு எல்லாம் சரியாய்ப் போயிருக்கும். பேச்சியின் காதுக்கு மஞ்சள் அரைக்கப் போன இராக்கம்மா லயத்துக்குப் பின்பக்கம் போகாமல் இருந்திருந்தால்.

சாக்கடைக் கானோரத்தில் அவர் குனிந்து நின்றார். விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தார். வெல்லமும் அரிசியும் கானில் போயிற்று. ஓடைத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள்.

"ஒடம்பு ஏத்துக்கல" என்றார்.

"ஒடம்பாங்க சாமி?"

"ஒரு வாரம் பொறுத்துக்க, ஏ புள்ள. நீ செஞ்சத நாடு மறக்காது."

அவளுக்கு நாட்டிடம் கேட்க ஒன்றுமில்லை. நாலு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அவரிடம் கேட்டாள். "நீங்க அந்தக் கேம்புல இருந்தீங்கள்ல. எந்தம்பிய எங்க பொதச்சாங்க?"

"நான் பாக்கல. எல்லாரோடயும் சுண்ணாம்புக் குழியிலன்னு சொன்னாங்க."

"அவன் கழுத்து வில்லைய யாரு கழட்டுனா?"

"கங்காணி கொண்டாந்து குடுத்தான்." அவள் முகத்தைப் பார்த்து, ஆறுதல் என்று நினைத்தோ என்னவோ, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "நான் நல்லாக் கழுவிட்டுத்தான் போட்டுக்கிட்டேன்."

வாந்திபேதிக்குப் பயந்து கழுவினாரா, வேறு காரணத்துக்காகவா என்று அவள் கேட்கவில்லை. எதற்காகக் கழுவினார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி முற்றத்துக்கு நடந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். விரித்த பாயின் நடுவில், காப்பரிசித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரில் அடித்தாள்.

"எங்கூடப் பொறந்தவனே! எஞ் சுண்டுவெரல் கோணின ராசாவே! கேம்புல கெடந்தியே, ஒரு வாய் தண்ணிக்கு நா வரலியே! ஒனக்கொரு குழியுமில்லாம ஊரோட குழியில போட்டாங்களே!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. ரெங்கம்மா, "அடியே, பேய் புடிச்சிருச்சா? தம்பி உசிரோட நிக்கிறான்டி!" என்று ஓடி வந்து பிடித்தாள். லயத்துப் பின்பக்கமிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்த அழகரை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். கங்காணி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான், அவள் கடித்தாள், அவன் அறைந்தான். கணக்கப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து தொரை பங்களா பக்கம் நடந்தார்.

சாயந்தரத்துக்குள் சார்ஜன் வந்துவிட்டான். சிவஞானத்துக்கு விலங்கு மாட்டினார்கள். வாரண்டு ஆளை ஒளித்து வைத்த குற்றத்துக்குக் கருத்தானுக்கும் மாட்டினார்கள். கங்காணிக்கு மாட்டவில்லை. கங்காணிக்கு ஒன்றுமே தெரியாதாம், அவனையும் ஏமாற்றிவிட்டார்களாம். தொரை நம்பினார். கங்காணி இல்லாமல் தொரைக்குக் கூலி வருமா?

போகும்போது சிவஞானம் அவள் முன்னால் நின்றார். "ஒரு பிடி அரிசிக்காகக் காட்டிக் குடுத்துட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு அப்படித்தான் புரிந்திருந்தது. அழுதது ஒரு செத்தவனுக்காக என்பது அந்தப் படித்த மண்டையில் ஏறவே இல்லை.

லயமும் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தம்பிக்குப் பால் ஊற்ற அவள் கூப்பிட்டபோது ரெங்கம்மாகூட வரவில்லை. "ஒருத்தர நம்பி வந்த மனுசன அந்தமானுக்கு அனுப்பிட்டு என்னடி கருமாதி?" என்று கதவைச் சாத்தினாள். அந்த வாரமே காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். சீழ் கோத்த காதோடு பேச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு பசறை ரோட்டில் இறங்கினாள். வழியில் இரண்டு தோட்டத்தில் கேட்டாள். கங்காணி முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தான்.

பதுளையில் மறியல் என்கிற ஜெயில் வாசலில் ஒருநாள் முழுக்கக் காத்திருந்த பிறகு கருத்தானைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். பிள்ளையைப் பார்க்கவில்லை.

"அவர என்ன பண்ணுனாங்க?"

"கப்பலேத்திட்டாங்களாம். தூத்துக்குடியில ஊரே தெரண்டு வந்து ஐயா, சாமின்னுச்சாம். கடைத்தெருவுல பேசிக்கிட்டாங்க."

கருத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு அவளை நினைத்துக்கொண்டு இறுகியது. "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் ஒன் வாயக் கட்ட முடியல."

"அந்த வில்லையக் கழுவிட்டுப் போட்டாராம்."

"அதனால என்ன?" என்றான் கருத்தான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டான்.

மறியல் சுவரை ஒட்டி அப்பம் சுட்டு விற்கிற ஸகீனா கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக ஒருத்தி குந்தியிருந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மடியில் தூங்குகிற பிள்ளையின்மேல் குனிந்து, குரலெடுத்து அழுவதைப் பார்த்தாள். தூக்குத் தண்டனைக்காரன் பெண்டாட்டியோ என்று நினைத்தாள். மீந்த அப்பம் ஒன்றை இலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"யாரு மௌத்தாப் போனது, புள்ள?"

"எந்தம்பி."

"அல்லாவே! எப்ப?"

"சித்திரையில."

"சித்திரையிலயா? அதுக்கு இப்பவா அழுற?"

இராக்கம்மா முகத்தைத் துடைக்கவில்லை.

"இப்பத்தாங்க விட்டாங்க" என்றாள். ஸகீனா அப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நகரும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.