தண்ணீர் படக் கூடாது

அமுதவல்லிக்குக் காளியப்பன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் புருஷன் பூவரசன் மேல் வந்த கோபம்தான் பெரிது. செருப்பு தைக்கிறவனுக்கு முதுகெலும்பு இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எவர் வந்து என்ன குறை சொன்னாலும் அவனுக்கு ஒரே பதில்தான். "தப்பு நம்மளுதுங்க, குடுங்க, பாத்துத் தர்றேன்." வார் அறுந்தாலும் அதே பதில், சாயம் போனாலும் அதே பதில். ஒருமுறை நாய் குதறிய செருப்பைக் கொண்டுவந்து தையல் சரியில்லை என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். நாயின் பல்தடம் பளிச்சென்று தெரிகிறது, இந்த மனுஷன் தலையை ஆட்டிக்கொண்டு புது வார் போட்டுக் கொடுக்கிறான். அன்றைக்கு அவள் சோறாக்கவில்லை.

பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் அவர்களுக்கு இருப்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம். சின்னதுதான், ஆனால் ஷட்டர் உண்டு, கரண்டு உண்டு. அதற்கு முன்னால் சாக்கடை ஓரம் ஒரு கிழிந்த குடையின் கீழ்தான் பிழைப்பு. காசை நீட்டினாலும் அவர்களுக்கு ரூம் கொடுக்க ஆளில்லை. என்ன தொழில் என்று கேட்பார்கள், சொன்னதும் ரூம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்பார்கள். கடைசியில் ஒரு காம்ப்ளக்ஸ்காரர் மனசு வைத்தார். வாசலுக்கு மேலே 'அமுதா ஷூ & பேக் ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டிய அன்று அவள் ரோட்டைத் தாண்டிப் போய், எதிர் டீக்கடையில் நின்று, தன் பெயரை அங்கிருந்து பார்த்துக்கொண்டே டீ குடித்தாள். அதற்குப் பிறகும் பல நாள் அப்படித்தான் குடித்தாள்.

அந்தக் காம்ப்ளக்ஸ்காரரின் தங்கை புருஷன்தான் காளியப்பன். இண்டூர்ப் பக்கம் நிலம், கிணறு, பேச்சுக்குப் பேச்சு அதிகாரம். அன்று காலை ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் வந்து நின்றார். பின்னாலேயே அவர் மனைவி ராமக்காளும் மகள் கனிமொழியும். காளியப்பன் ஒரு ஜோடி ஷூவை மேசை மேல் வீசினார். ஒன்றின் சோல் முக்கால்வாசி பிரிந்து தொங்கியது.

அந்த ஷூவை அமுதவல்லிக்குத் தெரியும். கனிமொழி போலீஸ் வேலைக்காக ஏரிக்கரையில் விடியற்காலை ஓடி ஓடித் தேய்த்த ஷூ. முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது என்று போன வாரம் கொண்டுவந்தாள். காலுக்குப் பழகின ஷூதான் வேண்டும், புதுசு போட்டு ஓடினால் கடிக்கும் என்றாள். பூவரசன் சோலை முழுசாகப் பிரித்து, சுரண்டி, சூடு காட்டி, பசை போட்டு ஒட்டி, மேலே கல்லைத் தூக்கி வைத்தான். போலீஸ் தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் ராமக்காள் வந்து வாங்கிப் போனாள். கையில் வாங்கவில்லை, பிளாஸ்டிக் பையை விரித்துக் காட்டினாள், அவன் உள்ளே போட்டான். அது எப்போதும் நடப்பதுதான். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் தண்ணி மட்டும் படக் கூடாதுங்க" என்று அவன் சொன்னதும், அவள் தலையை ஆட்டியதும் அமுதவல்லியின் கண் முன்னால் நடந்தது.

"பாதி தூரத்துல சோலு பிஞ்சி, எம் பொண்ணு மூஞ்சி குப்புற விழுந்தா" என்றார் காளியப்பன். "காம்பவுண்டு செவுத்துக்கு வெளிய நின்னு எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ஊரே பாத்துச் சிரிக்குது. வேலையும் போச்சு, மானமும் போச்சு."

கனிமொழியின் மேலுதட்டில் தையல் போட்டிருந்தது. முழங்காலில் கட்டு. அவள் யாரையும் பார்க்கவில்லை. அமுதவல்லி அந்தக் கட்டையே பார்த்தாள். பாவம், எத்தனை நாள் பனியிலும் குளிரிலும் ஓடிய பிள்ளை. நம்மால்தான் விழுந்தாளென்றால் இந்த வாசலில் விழுந்து கும்பிட்டாலும் தகும்.

"அவ ஏன் விழுந்தான்னும் ஊரு பாக்கணும்" என்றார் அவர். "வேலைய ஒழுங்கா செய்யல, தப்பு எம்மேலதான்னு உன் வாயால சொல்லு பூவரசா. நான் வீடியோ எடுத்துக்கறேன். முடியாதுன்னா சொல்லிடு. மச்சாங்கிட்ட ஒரு வார்த்தைதான். ரூம காலி பண்ணிட்டுப் போயி பழையபடி சாக்கடை ஓரம் குடைய விரிச்சுக்கோ."

அமுதவல்லி ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பசை தோல் உரிந்ததுபோலத் தகடாக எழும்பி வந்திருந்தது. பூவரசன் ஒட்டியது இப்படி எழும்பாது. ஏதோ நடந்திருக்கிறது. கேட்கலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கையைக் கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

"தப்பு நம்மளுதுங்க. ஒட்டு சரியா ஒட்டல. மன்னிச்சிக்கங்க."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அமுதவல்லிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மேலே போர்டில் இருப்பது இவன் பெயரா? அவளுடைய பெயரல்லவா?

"ஏங்க்கா" என்று ராமக்காளைப் பார்த்துக் கேட்டாள். "அன்னிக்கு வாங்கிட்டுப் போயி ஷூவ எங்க வெச்சீங்க?"

ராமக்காள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "எங்க வெப்பாங்க, வாசல்லதான். உங்க கடையில இருந்து வர்றத அப்படியே வூட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவ முடியுமா? பக்கெட்டுல மஞ்சத்தண்ணி கலந்து முக்கி வெச்சேன். ராவெல்லாம் ஊறுச்சு. காலைல எடுத்து வெயில்ல போட்டேன். எப்பவும் பண்றதுதான்."

காளியப்பனின் கையிலிருந்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மழையில நனைஞ்சிடுச்சுன்னுதான எங்கிட்ட சொன்ன?" என்றாள் கனிமொழி. வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல்.

"சொன்னா நீ கத்துவ. மஞ்ச போட்டதுல என்னாடி கெட்டுடும்?"

"தண்ணி படக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னமே" என்றாள் அமுதவல்லி. "ஏங்க்கா, எங்க கை பட்டுச்சுன்னா கழுவுனீங்க? பொண்ணு அதைப் போட்டுட்டு ஓடணும்ங்கற நெனப்புகூடவா வரல?"

ராமக்காள் புருஷனைப் பார்த்தாள். காளியப்பன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வழக்கத்தப் பத்தி நீ பேசாத. ஒட்டு நல்ல ஒட்டா இருந்தா தண்ணியில நின்னிருக்கணும். உம் புருஷன் ஒத்துக்கிட்டான், முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினார். ராமக்காள் ஷூவுக்காகப் பையை விரித்துப் பிடித்தாள். கனிமொழி பையைக் கவனிக்காதவள்போல ஷூவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

அவர்கள் தலை மறைந்ததும் அமுதவல்லி திரும்பினாள். "ஏய்யா, நீயெல்லாம் மனுஷனா? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா அந்தம்மாவே சொல்லியிருக்கும். அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு? உன் வாயில வேற வார்த்தையே வராதா?"

பூவரசன் ஊசியை எடுத்தான், கீழே வைத்தான். "எல்லாரும் கழுவுறாங்க புள்ள" என்றான். "எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"ஒட்டு பிரிஞ்சு வர்றதுல பாதி அப்படி வர்றதுதான். ஓரத்துல மஞ்ச ஒட்டியிருக்கும். நீ பாக்கறதுக்கு முன்னால நான் தொடச்சிடுவேன்."

அவளுக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு ஓடி வந்தது. பசை மட்டம் என்று மூன்று கம்பெனி மாற்றினாள். ஆம்பூரிலிருந்து பசை கொண்டுவந்து போடுகிற ஆளை நடுத்தெருவில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். சூடு காட்டத் தெரியாத கை என்று இவனை எத்தனை ஏச்சு. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, தப்பு நம்மளுதுங்க என்று சொல்லி, ஓசியில் மறுபடியும் ஒட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"எதுர்க்கப் போயி நின்னு போர்ட பாத்துக்கிட்டே டீ குடிப்பியே" என்றான் அவன். "எப்படிச் சொல்றது."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்துவிட்டு உட்கார்ந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், வந்திருந்த ஸ்கூல் பைக்கு ஜிப் தைத்தாள்.

மத்தியானம் டீக்கடைக்காரர் போனோடு வந்தார். வீடியோ எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு பூவரசன் நிற்கிறான். தப்பு நம்மளுதுங்க என்கிறான், இன்னும் சத்தமாகவும் சொல்கிறான். தலைக்கு மேலே போர்டில் அவள் பெயர் தெளிவாகத் தெரிகிறது. மன்னிச்சிக்கங்க என்பதோடு வீடியோ முடிந்துவிட்டது. அவள் கேட்டதும் இல்லை, ராமக்காள் சொன்னதும் இல்லை. பக்கெட்டும் மஞ்சளும் எந்த ஊரிலும் நடக்கவே இல்லை. அட, வெட்டுவதில் என்ன சுத்தம்!

அமுதவல்லி எழுந்து ஹார்டுவேர் கடைக்குப் போனாள். ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். போர்டுக்குக் கீழே, ஷட்டருக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைச் சுவரில் ஸ்டூல் போட்டு ஏறினாள்.

"என்னா பண்ற?" என்றான் பூவரசன்.

"கடைக்காரி கண்டிஷன் போடக் கூடாதா? ஜவுளிக்கடையில போட்டிருக்கான், மாவு மில்லுல போட்டிருக்கான். நானும் போடறேன்."

எழுத்து மேலும் கீழுமாகப் போனது. இருந்தாலும் படிக்கிற மாதிரிதான் இருந்தது.

'இங்கே ஒட்டிய செருப்பு, ஷூவை ஒரு நாள் தண்ணீரில் நனைக்கக் கூடாது. தீட்டு என்று கழுவிப் பிரிந்தால் கடை பொறுப்பல்ல.'

பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் வந்து படித்தார்கள். ஒருவர் படித்ததும் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு விலகிப் போனார். இன்னொருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மேசை மேலிருந்த பூவரசனின் போன் அடித்தது. எட்டிப் பார்த்தான்.

"ஓனரு" என்றான். "ரூம் போயிடும் அமுதா."

"எடுத்துப் பேசு. தப்பு நம்மளுதுங்கன்னு சொல்லு. பழகின வாய்தான" என்றாள் ஸ்டூல் மேலிருந்தே. "இல்லன்னா இதை அழிச்சிடு. அழிச்சிட்டு எம் பேரையும் சேர்த்து அழிச்சிடு."

அவன் போனைத் தொடவில்லை. அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினான். அழிக்கத்தான் போகிறான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். இறங்காமல் என்ன செய்வது, பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற மனுஷன்தானே.

பூவரசன் ஸ்டூல் மேல் ஏறினான். சுவரை ஒருமுறை வாய்க்குள் படித்தான். தீட்டு என்கிற இடத்தில் அவளுக்கே கை கூசியிருக்க வேண்டும், அந்த எழுத்து மட்டும் மற்றதைவிடச் சின்னதாக, மெலிந்து கிடந்தது. அவன் பிரஷ்ஷைப் பெயிண்டில் நன்றாகத் தோய்த்து அந்த ஒரு வார்த்தையின் மேலேயே மறுபடியும் எழுதினான். தடிமனாக, எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுதினான்.

போன் அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.