கப்பல் பட்டியலில் வேலு

வேலுவை எங்கள் வீட்டில் சேர்த்ததற்கு நான் காரணமில்லை. ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் என்னைப் பெரிய தருமவான் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் என் பெண்டாட்டி வெள்ளையம்மா செய்த வேலை.

வேலுவின் அம்மா அங்கம்மா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்காரி. குளிர்காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். அப்போது வேலுவுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. ஆள் என்னைவிட ஒரு சாண் உயரம். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட இன்னொரு ஆள் வேண்டும், பத்துக்கு மேல் எண்ண வராது. காரியம் முடிந்த அன்று கங்காணி எல்லாரையும் கூப்பிட்டு, "இவன யாரு வச்சிக்கப் போறீங்க?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். வெள்ளையம்மா மட்டும், "எங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை.

"இருக்கிறதே ஒரு அற. இந்த ஒசரத்துக்கு இவன் எங்கடி கால நீட்டுவான்?" என்று கத்தினேன்.

"நீங்க கொறட்ட விடாம படுத்தா யாரு வேணா படுக்கலாம்" என்றாள். இவளிடம் பேசி ஜெயித்தவன் எவன்?

ஆறு வருஷம் ஓடிப்போயிற்று. காலையில் நான் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வெட்டப் போவேன். அவன் எனக்கு முன்னால் போய், மரத்துக்கு மரம் பால் வடிகிற மங்குகளைத் துடைத்து வைப்பான். என் நிரையில் முந்நூறு மரம். ஒரு மங்கில் தூசி இருந்து நான் பார்த்ததில்லை. யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவன் எனக்கு ஒண்ணும் சொந்தமில்ல, எம்பொண்டாட்டி கொண்டாந்த சீதனம்" என்பேன். சிரிப்பார்கள். அதற்காகவே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

யார் எது கேட்டாலும் வேலுவிடம் ஒரே பதில்தான். "சரிங்க." அங்கம்மா பழக்கிவிட்டது அது. பழைய கங்காணி கை நீட்டுகிற ஆள். பதில் தெரியாமல் மகன் முழித்தால் அடி விழுமே என்று, கையைக் கட்டிக்கொண்டு சரிங்க சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. தண்ணீர் எடுத்து வா என்றால் சரிங்க. தள்ளிப் படு என்றால் சரிங்க. இப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் யாருக்குக் கசக்கும்? நாங்கள் மாற்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. எங்கள் ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, ரயிலேற்றி, நாகப்பட்டினம் கப்பலில் ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒண்டிக்கட்டைகள்தான் முதலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் கணக்கெழுதும் சதாசிவம் கிராணி கப்பல் பட்டியலோடு எங்கள் லயத்துக்கு வந்தார்.

"செல்லப்பா, இந்த வேலு ஒனக்கு என்ன ஒறவு?"

என் நாக்கில் சனியன் உட்கார்ந்திருந்தான். "ஒறவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல கிராணியாரே" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். கிராணி வேலுவிடம் திரும்பி, "கப்பல்ல ஊருக்குப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். அவன் சரிங்க என்றிருக்கிறான். பெருவிரலில் மை தடவி, பட்டியலில் அழுத்திக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது வெள்ளையம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல யாருய்யா இருக்கா இவனுக்கு? அங்கம்மாக்கா இவன இடுப்புல தூக்கிட்டு வந்தப்ப இவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது! நாகப்பட்டினத்துல எறக்கிவிட்டா எங்க போவான்? எவன் வான்னு கூப்பிட்டாலும் பின்னாலயே போயிருவான்யா!"

ஈர வேட்டியோடு கிராணி வீட்டுக்கு ஓடினேன்.

"நீயே சொந்தமில்லன்னுட்ட. அவனும் சரின்னு கைநாட்டு வச்சிட்டான். நான் என்னப்பா பண்றது?" என்றார் கிராணி. "பொதன்கெழம சர்க்கார் அதிகாரி வர்றாரு. ஆளாளுக்குக் கேப்பாரு. அவன் வாயால மாட்டேன்னு சொன்னான்னா பேர எடுத்துருவாரு."

அன்றைக்கே பாடத்தைத் தொடங்கினோம்.

"கப்பல்ல போறியான்னு கேட்டா, மாட்டேன்னு சொல்லணும். என்ன சொல்லணும்?"

"சரிங்க."

"சரிங்க இல்லடா. மாட்டேன்!"

"சரிங்க."

நான் சத்தம் போடப் போட அவனுக்குச் சரிங்க இன்னும் வேகமாக வந்தது. வெள்ளையம்மா என்னை வெளியே தள்ளிவிட்டு, வெல்லக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லமாகச் சொல்லிக்கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தடவை "மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை ஆபீஸ் வாசலில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். நான் வெட்டுக்காட்டிலிருந்து, பால் வெட்டுகிற உளியும் கையுமாக அப்படியே வந்து நின்றேன். வேலுவின் முறை வந்தது.

"கப்பலில் உன் ஊருக்குப் போகச் சம்மதமா?"

வேலு என்னைப் பார்த்தான். அதிகாரியின் தொப்பியைப் பார்த்தான். கையைக் கட்டினான்.

"சரிங்க."

வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "தொர, அவன் எது கேட்டாலும் அதத்தான் சொல்லுவான்!" என்று நான் முன்னால் போனேன்.

"அவன் சம்மதிக்கிறான். நீ உறவு இல்லை என்று எழுதியிருக்கிறது. தள்ளி நில்" என்றார் அதிகாரி. கிராணி அடுத்த பேரைக் கூப்பிட்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"வேலு! ஒங்கைய வெட்டிறட்டுமாடா?" என்று உளியை ஓங்கினேன்.

"சரிங்க" என்று வேலு வலது கையை நீட்டினான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவனுக்கு யார் பொறுப்பு?"

"நாந்தாங்க. எங்க வீட்டுப் புள்ளைங்க அவன். எழுதிக்குங்க, செல்லப்பன்னு எழுதிக்குங்க."

அவர் வேலுவின் பேரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் பேரை எழுதினார். கூட்டம் கலகலத்தது. "பலே ஆளுய்யா நீ!" என்று எவனோ முதுகில் தட்டினான். எனக்கும் தலைகால் புரியவில்லை, சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

வேலு நீட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை. கண்ணை இறுக்க மூடியிருந்தான். பேரை அடித்ததெல்லாம் அவனுக்குத் தெரியாது. உளி எப்படி வெட்டும் என்று தெரியும், தினமும் பார்க்கிறவன். என்னையும் ஆறு வருஷமாகத் தெரியும். இவ்வளவும் தெரிந்த அவன், நான் வெட்டுவேன் என்றுதான் நினைத்திருக்கிறான்.

வெள்ளையம்மா என் கையிலிருந்த உளியைப் பிடுங்கி வீசினாள். "எப்படிய்யா ஒனக்கு மனசு வந்துச்சு?" என்றாள். நான் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்றிருந்தது.

"வெட்ட மாட்டேன்டா வேலு. நான் வெட்ட மாட்டேன்" என்றேன். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, உளி எங்கே என்று தேடினான்.