நாற்பது நாள் மழைக்கோட்டு

“இந்தாங்கக்கா, இதுதான். இன்னியிலேருந்து நாப்பது நாள். மழ வந்தா இது ஒடம்பு மேல இருக்கணும்” என்று சொல்லி வெற்றிவேல் பையைப் பிரித்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில், ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுக்கு மடித்த ஒரு மழைக்கோட்டு இருந்தது.

“மழ வராத நாளு?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மங்கம்மாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் மலைமேலிருக்கும் நெல்லிவாசல்நாட்டில் ஒரு பைக் வந்து நின்றால் அவள் கூப்பிடாமலே வந்துவிடுவாள்.

“வராத நாளு மடிச்சி வெச்சிக்கலாம்.”

“அவ்ளோதான் வேலையா? இதுக்கா சம்பளம்? என்ன கேட்டிருந்தா நான் ரெண்டு கோட்டு போட்டுகினு நின்னிருப்பேனே தம்பி!”

தேவயானி சிரிக்கவில்லை. கோட்டின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி, நீ சொன்னது நெசந்தானா? இது நல்லா முடிஞ்சா வருசம் பூரா வேல?”

“நெசந்தான்க்கா. கம்பெனி மேடம் ஷோபனா அவங்க வாயாலயே சொன்னாங்க. எங்க ஆளுங்க எல்லாம் ஞாயித்துக்கிழம ஒரு நாள் மலையேறுவாங்க, பைக்ல சுத்துவாங்க, கோட்டு சூப்பர்னு எழுதிட்டு தூங்கப் போய்டுவாங்க. நீங்க டெய்லி நடக்கறீங்க, சொம தூக்கறீங்க. நீங்க போட்டுப் பாத்து சொன்னாதான் பரிட்ச. கோட்டு முடிஞ்சா பேண்ட்டு, அப்பறம் ஷூ. மாசச் சம்பளம்.”

வெற்றிவேல் வெளியாள் இல்லை. மலைக்குக் கீழே ஆலங்காயம் பக்கம் ஊர். அவன் அப்பா பாண்டுரங்கன் இருபது வருஷம் இந்த மலைக்கு வந்து புளி வாங்கிப்போனவர். மகன் படித்துவிட்டு பெங்களூரில், மலையேறுகிறவர்களுக்கும் பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் உடுப்புத் தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

அவன் போனதும் அருணகிரி பொண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தான். “இன்னா சம்பளக்காரி, மேஸ்திரிகிட்ட இன்னா சொல்றது?”

“இந்த வருசம் வரலன்னு சொல்லு மாமா.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேருந்தான். சுதாவுக்கு பத்தாவது.”

இதற்கு மேல் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. சாமை அறுப்பு முடிந்தால் புருஷனும் பொண்டாட்டியும் ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் ஜீப்பில் ஏறி குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வர மாசி ஆகும். மகள் ஜெயசுதா ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். போன வருஷம் பொங்கலுக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போக, இவள் மட்டும் ஒரு சிநேகிதி வீட்டில் போய் நின்றாள். அந்த வீட்டு அம்மா நல்லவள்தான். புதுத் துணி எடுத்துக் கொடுத்தாள்.  அடுத்தவள் எடுத்துக் கொடுத்த துணியில் தன் பெண் பொங்கல் கொண்டாடியதை தேவயானி எஸ்டேட்டில் கூலிகள் தங்கும் லைன் வீட்டில் உட்கார்ந்து போனில் கேட்டாள். இந்த வருஷம் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு இந்த வேலை கிடைக்க வேண்டும்.

புரட்டாசி மழை நன்றாகவே பிடித்தது. தேவயானி கோட்டைப் போட்டுக்கொண்டு மாடு மேய்த்தாள், விறகு சுமந்தாள், சாமைக் கொல்லைக்குப் போனாள். ஊரில் சிரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைமேல் ஒரு பூசணிப்பழம் உருளுகிறது என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

நாலாம் நாள், புதூர்நாட்டிலிருந்து ரேஷன் அரிசி மூட்டையை வலது தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஏறி வந்தாள். வீட்டில் கோட்டைக் கழற்றினால் வலது தோள் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூட்டை அழுத்திய இடத்தில் தையல்மேல் ஒட்டியிருந்த பட்டை, வெந்த வெங்காயத் தோல் மாதிரி எழும்பி நின்றது.

மறுநாள் காலையில், டவர் கிடைக்கிற பாறை வரைக்கும் போய் வெற்றிவேலுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, கோட்டு ஒழுகுது.”

“எங்கக்கா?”

“வலது தோளு. தையலாண்ட. மூட்ட வெச்ச எடத்துல.”

 “மூட்டய எறக்கிட்டா ஒழுகலியே?”

“எறக்கிட்டா எப்டிடா ஒழுகும்? ஒழுகுதான்னு பாக்கத்தானே போட்டுக்கச் சொன்ன?”

“சரிக்கா சரிக்கா. நீங்க போட்டுகினே இருங்க. நான் எழுதிக்கிறேன்.”

அதன் பிறகு மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் எழுதிக்கொள்கிறேன் என்றான். அவள் நம்பினாள். அவள் போட்டுப் பார்த்துச் சொன்னால்தான் பரீட்சை என்று அவன்தானே சொன்னான்?

முப்பத்தொன்பதாம் நாள் பாறைப் பக்கம் மாடு ஓட்டிப்போனபோது அவனிடமிருந்தே போன் வந்தது. மறுநாள் மேடம் வருகிறார்களாம். கோட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டுமாம்.

“தயாரா வைக்கணும்னா?” என்றாள் மங்கம்மாள், கோட்டை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தபடி. “சாணி நாத்தம், உன் வேர்வ நாத்தம். இதயா அந்த பொம்பள கையில குடுக்கப் போற? ஒருத்தர் துணிய உடுத்திட்டு தொவைக்காம திருப்பித் தந்தா அவ நம்பள இன்னான்னு நெனைப்பா?”

தேவயானிக்கும் அதே எண்ணம்தான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய புடவையானாலும், பிள்ளை பெற்ற வீட்டில் வாங்கிய பழந்துணியானாலும், துவைத்துக் காயவைத்து மடித்துத்தான் திருப்பிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அழுக்கோடு கொடுத்தால், கொடுத்தவளை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

கோட்டின் உள்ளே இடுப்பருகே வெள்ளை ரிப்பனில் சின்னச் சின்னப் படங்கள் இருந்தன. இருவரும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

“இது தொட்டி. அதும்மேல பெருக்கல் போட்டிருக்குது” என்றாள் தேவயானி.

“தொட்டியில ஊற வைக்கக் கூடாதுங்கறான்.”

“அப்போ ஓடையிலதான் தொவைக்கணும். இது இஸ்திரிப் பொட்டி. இஸ்திரி வேணாம்.”

“இந்த முக்கோணம்? அதுக்கும் பெருக்கல் போட்டிருக்கான்.”

“தெரியலியே.”

“மலை ஏறக் கூடாதுங்கறானோ?” என்றாள் மங்கம்மாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தேவயானி சோடா உப்புப் போட்டு வெந்நீர் காய்ச்சி ஓடைக்கே எடுத்துப்போனாள். கல்லில் விரித்து வெந்நீரை ஊற்றி, நீலக் கட்டிச் சோப்பைத் தேய்த்து, கை ஓயும் மட்டும் அடித்தாள். சாணிக்கறை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் போயிற்று. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி இரவெல்லாம் காயவைத்தாள். காலையில் மடித்து, மேலே இரண்டு சாமந்தி வைக்கலாமா என்று யோசித்து, அது அதிகப்படி என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மழையிலேயே இரண்டு பைக்குகள் வந்தன. ஷோபனா மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டேன். நீங்கதான் எங்க ரியல் டெஸ்டர்!” அருணகிரி வேட்டியை இறக்கிவிட்டு நின்றான். வெற்றிவேலும் மேடமும் அதே மாதிரிக் கோட்டைத்தான் போட்டிருந்தார்கள். மலைப்பாதையில் பைக் ஓட்டிப் பார்ப்பதும் பரீட்சையில் சேர்த்தியாம்.

மேடம் சலூனில் இருக்கிற மாதிரி ஒரு தண்ணீர்த் தெளிப்பானை எடுத்தாள். தேவயானி கொடுத்த கோட்டின் மேல் பீய்ச்சினாள். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓட வேண்டியது, பழைய பனியனில் பட்டது மாதிரி ஊறிப் பரவியது.

“இத வாஷ் பண்ணீங்களா?”

“நல்லா அடிச்சித் தொவச்சேன் மேடம். சோடா உப்பு போட்டு.” தேவயானி பெருமையாகத்தான் சொன்னாள்.

மேடத்தின் முகம் மாறியது. வெற்றிவேலைத் திரும்பிப் பார்த்தாள். “வாஷ் பண்ணக் கூடாதுன்னு நீங்க சொல்லலியா?”

வெற்றிவேல் கீழே பார்த்தான். “இல்ல மேடம். இவங்க... துவைப்பாங்கன்னு நெனைக்கல.”

 மங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இன்னா தம்பி சொன்ன? நாங்க இன்னா துணி தொவைக்காத ஜனங்களா?”

“அந்த அர்த்தத்துல சொல்லலக்கா...”

“வேற எந்த அர்த்தம் கீது அதுக்கு? சொல்லேன் கேப்போம்.”

மேடம் நடுவில் வந்தாள். “ப்ளீஸ், சண்ட வேணாம். துணி மேல ஒரு பூச்சு இருக்கும்மா. தண்ணிய உள்ள விடாம அதுதான் தடுக்கும். சோடா போட்டு அடிச்சதுல அது போயிடுச்சு. இனிமே இத வெச்சு எதுவும் சொல்ல முடியாது.”

“நான் சொல்றேன் மேடம்” என்றாள் தேவயானி. “நேத்துதானே தொவச்சேன்? இது நாலாம் நாளே ஒழுகிச்சி. வலது தோளு. ரேசன் மூட்ட வெச்ச எடத்துல. தம்பிகிட்ட நாலு வாட்டி போன்ல சொல்லிகீறேன்.”

“சொன்னாங்களா வெற்றி?”

தேவயானி அவனைப் பார்த்தாள். அவன் ஹெல்மெட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“பேசினாங்க மேடம். இங்க சிக்னல் விட்டு விட்டு வரும். இதச் சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல.”

“தம்பி!”

அவன் திரும்பிக்கொண்டு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவன் நீலச் சட்டையில், பைப்பட்டை அழுத்திய வலது தோளில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

“உன் சட்ட இன்னாத்துக்கு நனைஞ்சிகீது?”

“வேர்வக்கா.”

“வேர்வ ஒரு தோளுக்கு மட்டும் வருமா? இன்னொரு தோளு இன்னா லீவா?”

அருணகிரி சிரித்துவிட்டான். மேடம் கிட்டே வந்து வெற்றிவேலின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். தேவயானி ஓர் அடி முன்னால் வந்தாள். இதோ, கண்ணால் பார்த்துவிட்டாள், கையால் தொட்டுவிட்டாள்.

“பைக்ல வேகமா வந்தா கழுத்து வழியா தண்ணி எறங்கும்” என்றாள் மேடம். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். “அது ரைடிங் ப்ராப்ளம். துணியோட ப்ராப்ளம் இல்ல.” பிறகு மெதுவாக, தனக்குள் பேசுகிற மாதிரி, “கோட்டு கடைங்களுக்கு எல்லாம் போயாச்சு வெற்றி” என்றாள்.

“தெரியும் மேடம்.”

மேடம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினாள். முழுக்க இங்கிலீஷ். பிறகு அவள் போன் பேச டவர் தேடிப் பாறைப் பக்கம் போய்விட, தாளை நீட்டியது வெற்றிவேல்தான்.

“இன்னா போட்டிருக்குது?”

“கோட்டத் தப்பா துவச்சதால பரிட்ச செல்லாதுன்னு. நீங்க கையெழுத்துப் போட்டா இந்த நாப்பது நாள் சம்பளம் வந்துடும்க்கா.”

“வருசம் பூரா வேல?”

அவன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

“உங்கப்பன் புளி எடுக்க வரும்போது, நாங்க திரும்பிகினு நின்னாலும் தராசு சரியா நிக்கும். தெரியுமா உனுக்கு?”

“அப்பா சொந்தமா யாவாரம் பண்ணாருக்கா.” அவன் குரல் தாழ்ந்தது. “நீங்க மொத வாட்டி போன் பண்ணப்பவே நான் மேல சொன்னேன். பெரிய ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? தலையில மூட்ட தூக்கறவங்களுக்கா நாம கோட்டு விக்கறோம்னு சிரிச்சாங்க. நான் மறுபடி பேசினா என்னயும் வீட்டுக்குப் போகச் சொல்வாங்க. மாசமா இருக்கா என் சம்சாரம்.”

“எனுக்கும் ஒரு பொண்ணு கீறா தம்பி.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா?”

தேவயானி எட்டாவது வரைக்கும் படித்தவள். பேனாவை வாங்கினாள். இங்கிலீஷ் எழுத்துகளுக்குக் கீழே மிச்சமிருந்த வெள்ளையில், கொல்லைக்கு வரப்புப் போடுகிற மாதிரி நிதானமாக எழுதினாள்: ‘நாலாம் நாளே ஒழுகியது. அஞ்சாம் நாள் போனில் சொன்னேன். துவைத்தது முப்பத்தொன்பதாம் நாள்.’ அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டாள்.

வெற்றிவேல் படித்தான். அவன் காது சிவந்தது. ஆனால் தாளைக் கிழிக்கவில்லை.

“இத அடிச்சிட்டு வேற தாளு குடுப்பியா?” என்றாள் தேவயானி.

“வேணாம்க்கா. இருக்கட்டும்.” தாளை நாலாக மடித்தான். “அங்க தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு நானும் மேடமுந்தான்.”

மேடம் போகும்போது மறுபடியும் கையைப் பிடித்தாள். ரொம்ப தேங்க்ஸ் என்றாள். அந்தக் கோட்டை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

“ஒழுகற கோட்ட வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும் மேடம்? எடுத்துகினு போங்க. தொவச்சிதான் கீது” என்றாள் தேவயானி.

பைக் சத்தம் வளைவில் மறைந்ததும் மங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “நான்தான்டி தொவைக்கச் சொன்னேன். என் வாயில மண்ணப் போட.”

“நீ சொல்லலன்னாலும் தொவச்சிதான் குடுத்திருப்பேன்” என்றாள் தேவயானி. “தொவைக்காம குடுத்திருந்தா நாத்தம் புடிச்சவன்னு எழுதியிருப்பானுங்க. வூட்டுக்குப் போ.”

அருணகிரி எதுவும் கேட்காமல் போனை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவளும் பின்னாலேயே பாறைக்கு ஏறினாள். மேஸ்திரி கோபால்சாமி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அருணகிரி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனை மார்பில் பொத்திக்கொண்டான்.

“வரலன்னு சொன்னதால ஆளு புடிச்சிட்டாராம். இப்போ தூரத்து எஸ்டேட்டுதான் மீதியாம். திரும்பி வர பங்குனி ஆவுமாம்.”

பங்குனியில்தான் சுதாவுக்குப் பத்தாவது பரீட்சை.  

“ரெண்டு பேரா, ஒர்த்தரான்னு கேக்கறாரு.”

“ஒர்த்தர் கூலி இன்னாத்துக்கு ஆவும்?” தேவயானி போனைக் கை நீட்டி வாங்கினாள். “அண்ணா, ரெண்டு பேர்னு எழுதிக்குங்க. ஜீப்பு என்னிக்கு?”

“செவ்வாக்கெழம காலைல அஞ்சு மணிக்கு. புதூர்நாட்டாண்ட நில்லுங்க. இந்த வாட்டியும் மாத்திப் பேசினீங்கன்னா அடுத்த வருசமும் எடமில்ல, ஆமா.”

“மாத்த மாட்டோம்ணா.”

அடுத்து சுதாவின் விடுதிக்குப் போட வேண்டும். அவள் போனை அருணகிரியிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தப் பாறைமேல், போனை யார் பிடிப்பது என்று தெரியாமல், நனைந்துகொண்டு நின்றார்கள்.